குமுறிப் பாறையில் மசணி பாடியது

காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்கோ. இன்னைக்கு நான் சொல்லப் போறது அத்தனையும் நெசம். ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. இந்த அடுப்பு மேல சத்தியம், அடுப்புல வேகற கிழங்கு மேல சத்தியம். உங்க அம்மா மேலயும் சத்தியம் பண்ணுவேன், ஆனா அவ உள்ளேயிருந்து காதைத் தீட்டிக்கிட்டு இருக்கா, வேண்டாம். எவனாவது பொய்னு சொன்னா அவனைக் கூட்டிட்டு வா. குமுறிப் பாறை உச்சியில நின்னு சத்தியம் பண்றேன். அவன் முதல்ல ஒரு தடவை கீழே எட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

ம் சொல்லணும். ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ஒரு மலையில ஒரு ஊர். ஒரு வீட்டுல தும்மினா எல்லா வீட்டுலயும் கேக்கும், அவ்வளவுதான் ஊர். அத்திக்கொம்பைன்னு பேரு. அந்த ஊர்ல மசணின்னு ஒருத்தி. பின்னாடி அவ ரொம்பப் பெரிய ஆளாயிட்டா. ஊருக்கு ஊர் பெரியவரா இருக்கற மூப்பனுங்க, தங்களை விட்டா ஆள் இல்லைன்னு மீசையைத் தடவற மூப்பனுங்க, அவங்களே மசணி வாயைத் திறந்தா தலைப்பாவை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காருவாங்க. ஆனா கதை ஆரம்பிக்கும்போது அவ வெறும் பாட்டுக்காரிதான்.

பாட்டுன்னா எப்படிப்பட்ட பாட்டு? மசணி பாடினா தூக்கம் வரும். மனுஷனுக்கு மட்டும் இல்லை. கோழி நடந்துக்கிட்டே தூங்கும். கொதிக்கற தண்ணி "உஸ்ஸ்"னு பெருமூச்சு விட்டுட்டு அடங்கிடும். ஒருநாள் ராகிக் காட்டுக் காவலுக்குப் போனவ சும்மா ரெண்டு வரி பாடியிருக்கா. மேய வந்த பன்னிக் கூட்டம், தாயும் குட்டியுமா வரிசையாப் படுத்துடுச்சு. விடிஞ்சதும் ஊர்க்காரங்க போய்த் தட்டி எழுப்பி, "வீட்டுக்குப் போங்க, நேரமாச்சு"ன்னு அனுப்பி வெச்சாங்க.

ம்?

ஆங். அப்போ அதே ஊர்ல கெஞ்சன்னு ஒரு இளவட்டம். தேன் எடுக்கறவன். குமுறிப் பாறை அவங்க அப்பன் வழியில அவனுக்கு வந்தது. நம்ம பக்கம் பாறைக்கெல்லாம் சொந்தக்காரங்க உண்டு, தெரியுமில்லை? இன்ன பாறையில இன்ன வீட்டுக்காரங்கதான் தேன் எடுக்கணும். அடுத்தவன் கை வைக்கக் கூடாது. குமுறிப் பாறைதான் எல்லாத்துலயும் உசரம். அதுல ஒரே ஒரு தேனடை. யானை காதை நாலஞ்சு சேர்த்துத் தெச்ச மாதிரி அகலம். அதுல இருக்கற தேனீ ராத்திரி பகல்னு பார்க்காம குமுறிக்கிட்டே இருக்கும். அதனாலதான் அந்தப் பேரு.

கெஞ்சனுக்கு மசணி பாட்டைக் கேட்டதும் மனசு போயிடுச்சு. பொண்ணு கேக்கப் போயிட்டான்.

இப்போ நீ சொல்லு. தேன் எடுக்கறவன் பொண்ணு பார்க்கப் போனா முதல்ல யாரைப் பார்க்கணும்?

"பொண்ணை."

அதான் இல்லை. பொண்ணோட அண்ணன் தம்பியைப் பார்க்கணும். புருஷன் பாறையில தொங்கும்போது மேலே கயித்தைப் பிடிக்கறவன் மச்சினன்தான். வேற யாரும் பிடிக்கக் கூடாது. கூடப் பொறந்த அண்ணன் கிட்ட கயித்தைக் கொடுத்தா, "இவன் விழுந்தா பாறை எனக்கு"ன்னு மூளை ஒரு ஓரமா வேலை பார்க்கும். சிநேகிதன் கிட்ட கொடுத்தா, அவனுக்கு நேத்து நடந்த சண்டை ஞாபகம் வரும். மச்சினனுக்கு அதெல்லாம் வராது. மாமன் விழுந்தா அக்கா அழுதுக்கிட்டு அவன் வீட்டுக்குத்தான் வந்து உக்காருவா. அந்தப் பயத்துலயே பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிப்பான்.

அதனால விவரம் தெரிஞ்சவங்க பொண்ணு வீட்டுக்குப் போனா, பொண்ணு கொண்டு வர்ற தண்ணியைக் குடிச்சுட்டு, "தம்பி எங்கே?"ன்னு கேப்பாங்க. கையை அமுக்கிப் பார்ப்பாங்க. கோழி இறகை மூக்குக் கிட்ட ஆட்டித் தும்மறானான்னு பார்ப்பாங்க. வயிறு முட்டக் களியைப் போட்டுக் கண்ணு சொருகுதான்னு பார்ப்பாங்க. எல்லாம் சரியா இருந்தா அப்புறம்தான் பொண்ணு.

கெஞ்சன் இதுல ஒண்ணும் பண்ணலை. மசணி மாவரைச்சுக்கிட்டே பாடிட்டு இருந்தா. இவன் வாயைப் பொளந்துக்கிட்டு மூலையில கிடந்த ஒரு கம்பளி மூட்டை மேல உக்காந்து கேட்டான். சரின்னுட்டான். கல்யாணமும் ஆச்சு. விருந்து முடியற நேரத்துக்கு அந்தக் கம்பளி மூட்டை "ஆவ்வ்வ்"னு ஒரு கொட்டாவி விட்டுச்சு.

அதான் மச்சினன். வெள்ளன்னு பேரு.

சிரிக்காதே, சிரிச்சா தூக்கம் போயிடும். ஊர் முழுக்கச் சிரிச்சுது. "பாட்டைப் பார்த்தே, மச்சினனைப் பார்க்கலையே"ன்னு போறவன் வர்றவனெல்லாம் கெஞ்சனைக் கேட்டாங்க.

அந்த வெள்ளன் கெட்டவன் இல்லை. பலசாலி. முழிச்சிருந்தா காட்டெருமையைக் கொம்பைப் பிடிச்சு நிறுத்துவான். ஆனா தாய் இல்லாத பிள்ளை, மசணிதான் வளர்த்தா. பொறந்த நாள்லயிருந்து அவ பாட்டுலயே தூங்கித் தூங்கி, அவ குரலைக் கேட்டாலே கண்ணு மூடிக்கும். பேச்சா இருந்தா ரெண்டு மூணு கொட்டாவி விடுவான். பாட்டா இருந்தா தீர்ந்தது. "வெள்ளா, தண்ணி கொண்டு வாடா"ன்னு கொஞ்சம் ராகமாச் சொல்லிட்டாலே முழங்கால் மடங்கிடும்.

தூங்கிட்டியா?

"ம். இல்லை."

சரி. பக்கத்து ஊர் மூங்கில்கொம்பையில மாக்கன்னு ஒருத்தன். அவனுக்கு மச்சினனுங்க மூணு பேர், மூணும் தேக்கு மரம். ஆனா நல்ல பாறை இல்லை. ஒரு வழக்கம் என்னன்னா, சொந்தக்காரன் மூணு வருஷம் தொடர்ந்து தேன் எடுக்கலைன்னா பாறையை வேற வீட்டுக்குக் கொடுத்துடலாம். காடு கொடுக்கறதை வேண்டாம்னு விட்டா அதுக்குக் கோவம் வருமாம். அதனால பூ பூக்கற காலம் வந்தா மாக்கன் ஒரு காலிக் குடத்தைத் தூக்கிட்டு வந்து குமுறிப் பாறைக்குக் கீழே உக்காந்துக்குவான். சும்மாத்தான் உக்காந்திருக்கேன்பான். பாறை கை மாறிச்சுன்னா, "கெஞ்சா, நீ என் கூடக் குடம் தூக்க வரலாம், கூழு ஊத்தறேன்"பான்.

மசணிக்கு அந்தக் குடத்தைப் பார்த்தாலே வயிறு எரியும்.

முதல் வருஷம் வந்தது. மசணி சொன்னா, நான் பாடறேன், தேனீ தூங்கட்டும்னு. தேனீயை நினைச்சாளே தவிரத் தம்பியை நினைக்கலை. உச்சியில ஒரு மரம். மரத்துல கயித்தை ஒரு சுத்து சுத்தி வெள்ளன் பிடிச்சுக்கிட்டான். கெஞ்சன் இடுப்புல கயிறு, முதுகுல கூடை, கையில மூங்கில் கத்தி. இறங்கறான். மசணி பாட ஆரம்பிச்சா. குமுறிக்கிட்டிருந்த தேனீ மெல்ல மெல்ல "ம்ம்ம்ம்"முன்னு அடங்கி, கடைசியில சின்னச் சின்னதாக் குறட்டை விட்டுச்சு. தேனீ குறட்டையை நீ கேட்டிருக்கியா? நான் கேட்டிருக்கேன். கெஞ்சன் அடையில கத்தியை வைக்கப் போறான்.

அப்போ மேலே ஒரு பெரிய குறட்டை. "கொர்ர்ர்ர்."

கயிறு "சர்ர்ர்ர்".

கெஞ்சன் அத்தி மரத்துல "சடசடசட"ன்னு விழுந்து, கிளையெல்லாம் முறிச்சுக்கிட்டு, கீழே பாட்டுக் கேட்டுத் தூங்கிட்டிருந்த ஒரு கரடி மேல "பொத்"துன்னு உக்காந்தான். கரடிக்கு யாரு என்னன்னு புரியலை. எடுத்துச்சு ஓட்டம், "தடதடதட"ன்னு. ஓடின ஓட்டத்துல அவனைக் கொண்டு போய் அவன் வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு. கால்ல சிராய்ப்புதான்.

மாக்கன் குடத்தைத் தட்டித் தாளம் போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போனான்.

"தாத்தா, அந்த வெள்ளன் காதுல பஞ்சு வெச்சிருக்கலாம் இல்லை?"

நீ முழிச்சுத்தான் இருக்கே. அதையும் பண்ணிப் பார்த்தாங்க. பாறையில இல்லை, ஊர்ப் புளிய மரத்துல. காதை அடைச்சா கீழேயிருந்து கெஞ்சன் கூப்பிடறது கேக்கலை. "இறக்கு"ன்னா ஏத்தறான், "ஏத்து"ன்னா இறக்கறான். கெஞ்சன் தலை கிளையில இடிச்சு இடிச்சு ரெண்டு கூடை புளியங்காய் விழுந்ததுதான் மிச்சம். கயித்தைப் பிடிக்கறவனுக்குக் கை எப்படியோ காதும் அப்படி.

அப்போ ரெண்டாவது வருஷம். மசணி பாட வேண்டாம், புகை போட்டுப் பார்க்கலாம்னு முடிவாச்சு. வெள்ளன் தானாத் தூங்கிடக் கூடாதுன்னு வாயில காந்தாரி மிளகாயை அடக்கினாங்க. இடுப்புத் துணிக்குள்ள ஒரு முசுறு எறும்புக் கூட்டையும் விட்டாங்க. அவன் "ஆஸ், ஊஸ்"ஸுன்னு குதிச்சானே தவிரக் கயித்தை விடலை. கண்ணு ரெண்டும் ஆந்தை மாதிரி முழிச்சிருந்துச்சு. ஆனா பாதி இறங்கறதுக்குள்ள காத்து திரும்பிடுச்சு. புகையெல்லாம் மாக்கன் பக்கம் போயிடுச்சு. தேனீ எல்லாம் கெஞ்சன் பக்கம் வந்துடுச்சு. "குய்ய்ய்ங்."

மேலே ஏத்தினப்போ முகம் பலாப்பழம். வீட்டு நாய் குலைச்சுது. பெத்த ஆத்தாளே, "யாருப்பா நீ, எந்த ஊரு?"ன்னு கேட்டா. மசணி மட்டும் கால் கட்டை விரலைப் பார்த்து, இவர்தான்னு உள்ளே கூட்டிட்டுப் போனா.

மூணாவது வருஷம்தான் கடைசி. கெஞ்சன் நம்பிக்கையை விட்டுட்டான். தின்னுட்டுப் படுத்தா கூரையைப் பார்த்துக்கிட்டே கிடப்பான். மாக்கன் குடம் எம்மாம் பெருசு, தூக்க முடியுமான்னு மசணி கிட்ட கேப்பான். அவ மூஞ்சியைத் திருப்பிக்குவா.

அப்போ மசணிக்கு மடியில ஒரு பெண் குழந்தை. ஒரு மத்தியானம் குழந்தை அழுவுது. "ங்கா, ங்கா." அதே நேரத்துல வெள்ளன், எல்லாருக்கும் வெச்சிருந்த கிழங்கு மொத்தத்தையும் தின்னுட்டுச் சட்டியை நக்கிட்டு இருக்கான். மசணிக்கு அவனைத் திட்டணும், குழந்தையைத் தூங்க வைக்கணும். ரெண்டு வாயா இருக்கு? ஒரு வாய்தான். அதனால தாலாட்டு ராகத்துலயே திட்டினா.

"தாலேலோ தாலேலோ
தம்பி வயிறு தாழியோ
ஊருக்கு வெச்ச கிழங்கைத் தின்ன
உரலுக்கு ஒரு வாயோ"

குழந்தை தூங்கிடுச்சு. வெள்ளன் தூங்கலை. கொட்டாவி விட வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தான். "அக்கா, யாரை உரல்ங்கறே?"

மசணி அவனை ஒரு மாதிரியாப் பார்த்தா. பிறந்ததுலயிருந்து தன் பாட்டுக்கு அவன் இப்படி முழிச்சு அவ பார்த்ததே இல்லை. திரும்பவும் பாடினா. அவன் மூக்கைப் பத்தி. அவனுக்குக் கோவம் மூக்குக்கே வந்துடுச்சு. குழந்தை அசையலை.

குழந்தைக்கு ராகம்தானே தெரியும், வார்த்தை தெரியாதே. தேனீக்கு மட்டும் வார்த்தையா தெரியப் போகுது?

ம்?

"ம்ம்."

அப்புறம் அந்த நாள் வந்தது. ஊரே உச்சியில கூடியிருக்கு. மூப்பன் கைத்தடியை ஊணிக்கிட்டு நிக்கறாரு. கீழே மாக்கன், இந்தத் தடவை மச்சினனுங்க மூணு பேரையும் கூட்டிட்டு வந்திருக்கான், ஆளுக்கு ஒரு குடம். மசணி குழந்தையை மாமியார் கிட்ட கொடுத்துட்டு, தம்பி முதுகுக்குப் பின்னாடி ஒரு கல்லு மேல உக்காந்தா. கெஞ்சன் இறங்கறான். உனக்குத் தூக்கம் வராதான்னு மூப்பன் கேட்டாரு. உசுரு கயித்துல இருக்கும்போது எப்படி வரும்னு சொல்லிட்டு இறங்கறான்.

மசணி ஆரம்பிச்சா.

"தாலேலோ தாலேலோ
தம்பி மூக்கு மலைக்குகையோ
குகைக்குள்ளே மூணு கோழி
குஞ்சு பொரிச்சுக் கூவுதோ"

தேனீ அடங்குது. "ம்ம்ம்ம்." ஊர் ஜனம் ராகத்துக்குக் கண்ணு சொருகவும், வார்த்தைக்குச் சிரிக்கவுமா தள்ளாடுது. வெள்ளன் கழுத்து நரம்பு புடைக்குது. கயிறு கல்லு மாதிரி நிக்குது. கெஞ்சன் அடைக்கிட்ட போயிட்டான். கத்தி போடறான். "சரக். சரக்."

அவ அடுத்த அடியை எடுத்தா. பொண்ணு பார்க்கப் போன இடத்துல கூழ்ச் சட்டியில தலையை வெச்சுத் தூங்கினதை. அதுக்கு அடுத்து, யானை துரத்தும்போது ஓடிக்கிட்டே தூங்கினதை. வெள்ளன் பல்லைக் கடிச்சான், "நற நற"ன்னு.

ஆனா அடை பெருசு. அறுக்க அறுக்க வந்துக்கிட்டே இருக்கு. மசணிக்குத் திட்டு தீர்ந்து போச்சு. ஒரே தம்பியை எவ்வளவுதான் திட்ட முடியும்? மூக்குக்கே திரும்ப வந்தா. குகையும் கோழியும் வெள்ளனுக்குப் பழகிடுச்சு. பழகினா கோவம் வராது. அவன் தலை மெல்ல முன்னாடி சாஞ்சுது. கயிறு ஒரு சாண் வழுக்குச்சு. "சர்." கீழேயிருந்து கெஞ்சன், "மச்சான்"னான். சத்தமாக் கூப்பிடலை, தேனீ எழுந்துடுமே. இன்னொரு சாண். "சர்."

பாட்டை நிறுத்தினா தேனீ முழிச்சுக்கும். நிறுத்தலைன்னா தம்பி தூங்கிடுவான். ஊர் ஜனம் மூச்சை அடக்கிக்கிட்டு மசணியையே பார்க்குது. அவ வாய் பாடிக்கிட்டே இருக்கு, முகம் வெளுத்துப் போச்சு. உள்ளே ஒரு சங்கதி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதது. அதை எடுத்தா.

"தூங்கு தூங்குன்னு பாடினேனே
தூக்கத்துக்கா பாடினேன்
தம்பி பங்குத் தேனை எல்லாம்
தானே தின்னப் பாடினேன்"

வெள்ளன் தலை சாய்ஞ்சது சாய்ஞ்சபடி நின்னுச்சு.

அப்புறம் மெல்லத் திரும்பிப் பார்த்தான். கயித்தை விடலை. கழுத்தை மட்டும் திருப்பினான். கண்ணு ரெண்டும் அத்திப் பழம் மாதிரி சிவந்து வெளியே வந்துடுச்சு.

"என் பங்கா?"

அவ தலையை ஆட்டினா. பாடிக்கிட்டே இருக்கா.

"எத்தனை வருஷமா?"

"பல்லு முளைச்ச நாள் முதலா
பாடிப் பாடித் தின்னேன்டா"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் வெள்ளனுக்குத் தூக்கம்னா என்னன்னே தெரியலை. கோவத்துல கண்ணுல தண்ணியா ஊத்துது. கை ரெண்டும் இரும்பு. விட்டுட்டு வந்து அவ முடியைப் பிடிச்சு ஆட்டணும்னு இருக்கு, ஆனா விட்டா மாமன் போயிடுவான், மாமன் போனா இவதான் வீட்டுல வந்து உக்காருவா, பங்கு வேற தின்னுவா. பிடிச்ச பிடியை விடலை. கீழேயிருந்து கெஞ்சன், "ஏத்து"ன்னதுதான் தாமசம், ஒரே இழுப்பு. "விர்ர்ர்ர்." கெஞ்சன் கூடையோட, கத்தியோட, உச்சியைத் தாண்டி மரத்துக்கு மேலே போய், ஒரு கழுகு கிட்ட வழி கேட்டுட்டு, அப்புறம் வந்து "தொப்"புன்னு ஊர் நடுவுல இறங்கினான்.

நெசம்தான். சத்தியம் பண்ணியிருக்கேன் இல்லை?

கூடை நிறையத் தேன். குழந்தை குட்டியெல்லாம் ஓடி வருது. கீழே மாக்கன் மட்டும் கத்தறான், இது செல்லாது, தம்பியைத் திட்டித் தேன் எடுக்கற வழக்கம் எங்க தாத்தா காலத்துல இல்லைன்னு. மூப்பன் விளிம்புல நின்னு, அப்படியா, உங்க தாத்தா காலத்துல இல்லைன்னா என்ன, இன்னைக்கு நீயும் மச்சினனைத் திட்டிப் பாடேன், யாரு வேண்டாம்னான்னாரு. மாக்கன் தன் மச்சினனுங்களைத் திரும்பிப் பார்த்தான். மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு அவனையே பார்த்துட்டு இருந்தாங்க. அவன் குடத்தைக் கவுத்து வெச்சு அது மேலயே உக்காந்துட்டான்.

அதுக்கப்புறம்தான் மசணி பெரிய ஆளானா. ரெண்டு வீட்டுக்குச் சண்டைன்னா மூப்பன் தானாப் பேச மாட்டாரு, மசணியைக் கூப்பிடுவாரு. அவ வந்து உக்காந்து ரெண்டு பக்கத்தையும் தாலாட்டுல திட்டுவா. வார்த்தை உறைக்கும், ராகம் கையை மடக்கிப் போட்டுடும். அடிக்க ஓங்கின கட்டை தானா இறங்கிடும். அந்த மூப்பன் போனதும் ஊர்க்காரங்க யோசிக்கவே இல்லை, கைத்தடியை அவ கையில கொடுத்துட்டாங்க. கல்யாணம், காட்டுப் பூசை, யாரு எந்தப் பாறையில இறங்கறது, எல்லாம் அவ சொல்றதுதான். பக்கத்து ஊர்க் கொம்பைக்காரங்க எல்லாம் வழக்கைத் தூக்கிட்டு இங்கே வந்தாங்க. மாக்கனும் ஒரு தடவை வந்தான், மச்சினனுங்க மேல பிராது.

ஆனா அது பின்னாடி. அன்னைக்குப் பாறை மேல இன்னொண்ணு நடந்துச்சு.

கயித்தைப் பிடிச்சவனுக்குத்தான் முதல் பங்கு. மூப்பன் அடையில நல்லதாப் பார்த்து வெட்டி வெள்ளன் கையில கொடுத்தாரு. அவன் வாங்கிக்கிட்டு அக்கா முன்னாடி வந்து நின்னான். ஊரே பார்க்குது. அடிக்கப் போறானோன்னு கெஞ்சன் எழுந்து வர்றான்.

வெள்ளன் கேட்டான், "நெசமாவா அக்கா?"

மசணி தரையைப் பார்த்துக்கிட்டு, "நெசம்தான்டா. பசிடா அப்போ"ன்னா. அவ பங்கையும் எடுத்து அவன் கையில வெச்சா. கெஞ்சன் பங்கையும் வெச்சா. அவன் அங்கேயே சம்மணம் போட்டு உக்காந்து திங்க ஆரம்பிச்சான். தாடியெல்லாம் தேன். விரலை நக்கினான். மெழுகை மென்னு துப்பினான். பல்லு முளைச்ச நாள்லயிருந்து விட்டதையெல்லாம் தின்னான். கடைசித் துண்டை வாயில போடப் போனவன், நிறுத்தி, அதைப் பாதியாப் பிட்டு அக்கா கையில வெச்சான்.

அப்புறம் கல்லு மேல சாய்ஞ்சுக்கிட்டுச் சொன்னான்.

"அக்கா. இப்போ திட்டாமப் பாடு."

அவ பாடினா. வார்த்தையே இல்லாமப் பாடினா. வெள்ளன் தூங்கினான், வாய் ஓரத்துல தேனோட. கெஞ்சன் தூங்கினான். மூப்பன் நின்னுக்கிட்டே தூங்கினாரு. கீழே மாக்கன் குடத்து மேலயே தூங்கினான். குமுறிப் பாறை அன்னைக்கு ஒருநாள் குமுறவே இல்லை.

எல்லாரும் தூங்கிட்டாங்கன்னா யாரு பார்த்தாங்கன்னு கேப்பே. கேக்காதே.

ம்?

...

தூங்கிட்டா. ஏ கண்ணு, காதுல விழுந்தா சரி. நாளைக்கு மூங்கில்கொம்பைப் பிள்ளைங்களோட விறகுக்குப் போவே. மாக்கன் பேரப் பசங்க, எங்க தாத்தா பெரிய மனசு பண்ணிப் பாறையை விட்டுக் கொடுத்தாருன்னு சொல்லிட்டுத் திரியறானுங்க. நீ இந்தக் கதையைத் தாராளமாச் சொல்லு, கழுகு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லு. சொன்னது யாருன்னு மட்டும் வாயைத் திறக்காதே.